பழைய ரோஜாச் செடிகளைக் கண்டறிந்து காத்தல்

நெல்லிலும் சிறுதானியத்திலும் பழைய இனங்களைக் காக்க வேண்டும் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். பூச்செடிகளிலும் அவ்வேலை உண்டு என்பது பலருக்கு நினைவு வருவதில்லை. நம் மொரப்பூர் வட்டாரத்தில் கிணற்று மேட்டிலோ கோயில் நந்தவனத்திலோ கவனிப்பாரற்று நிற்கும் ஒரு முட்செடி, அவ்வூரில் அவ்வினத்தின் கடைசிச் செடியாகவும் இருக்கக்கூடும்.

1867-இல் பிரான்சு நாட்டில் 'லா பிரான்ஸ்' என்ற கலப்பின ரோஜா வெளிவந்தது. அதற்கு முன்பே வழக்கிலிருந்த குடும்பங்களைப் பழந்தோட்ட ரோஜாக்கள் என்பர். நாம் மாலைக்கும் பூசைக்கும் வாங்கும் பன்னீர் ரோஜா அத்தகையது. அதனை எட்வர்டு ரோஜா என்றும் சொல்வர். அரசர் எட்வர்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'எதுவார்' என்னும் பிரெஞ்சுப் பெயரே நம் நாவில் அவ்வாறு ஆயிற்று. இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் தீவில், அந்நாளில் பூர்போன் எனப்பட்ட இடத்தில், வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்கு ரோஜாவும் தாமாகவே கலந்து பிறந்த இனம் இது. 1817 அளவில் பிரெயோன் என்ற தாவர அறிஞர் அதனை அங்குக் கவனித்தார். விதைகள் பாரிசுக்குச் சென்றன. வேலியோரச் செடியை ஒருவர் நின்று பார்த்ததால் ஒரு ரோஜாக் குடும்பமே உலகுக்குக் கிடைத்தது.

இதனால் வருவாய் என்ன என்று உறுப்பினர்கள் கேட்கலாம், கேட்பது முறையே. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் நீண்ட காம்புள்ள ரோஜா வளர்ப்பது வேறு தொழில். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் புதிய இனங்களை உண்டாக்கும் விதைநிதி பழையவற்றிலும் காட்டினங்களிலுமே உள்ளது. ஆட்சிப் பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய திரு. வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜாவும், மணிப்பூர் மலையின் காட்டு ரோஜாவையும் வங்கத்தின் நீர் தேங்கும் நிலத்தில் வளரும் ரோஜாவையும் கொண்டு, வெப்ப நாட்டுக்கு ஏற்ற புதிய வகைகளை உருவாக்கினர். பழனி, நீலகிரி மலைகளிலும் வெண்பூப் பூக்கும் ஒரு காட்டு ரோஜாக்கொடி உண்டு.

கலப்பினமான ரோஜாவின் விதையிலிருந்து தாயைப் போன்ற செடி வருவதில்லை. போத்து நட்டாலோ பதியன் போட்டாலோ ஒட்டுக் கட்டினாலோதான் அதே இனம் கிடைக்கும். ஆகவே கடைசிச் செடி பட்டுப்போனால் இனமும் போயிற்று.

தேடுவோர் ஒன்றில் ஏமாறக்கூடாது. ஒட்டுச்செடியின் மேற்பகுதி பட்டுப்போய், அடியிலிருந்து வேர்க்கன்றே தழைத்திருக்கலாம். மண்ணருகில் ஒட்டுத் தழும்பு உண்டா என்று முதலில் பாருங்கள். வடநாட்டில் எட்வர்டு ரோஜாவே ஒட்டுக்கு வேர்க்கன்றாகப் பயன்படுவதால், அங்கே மிஞ்சி நிற்கும் அடிக்கன்றும் பழைய இனமாக இருப்பதுண்டு! பூக்கும் மாதங்கள், மணம், முள்ளின் வடிவு, ஒரு காம்பிலுள்ள சிற்றிலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. அவ்வீட்டு மூதாட்டியரைக் கேட்டால், செடி எவ்வூரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் தெரியவரும்.

தாய்ச்செடியைப் பெயர்க்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில், மூன்று நான்கு கணுக்களுடன் ஒரு சாண் நீளப் போத்துகளை வெட்டி, நிழலில் மணல் கலந்த மண்ணில் நடுக. வேர்விட்டவற்றை ஒரே தோட்டத்தில் வையாது, பள்ளி, கோயில், உழவர் வீடு என மூன்று இடங்களிலாவது நட்டு, தாய்ச்செடி நின்ற இடத்தையும் கொடுத்தவர் பெயரையும் ஊராட்சிக் குறிப்பேட்டில் எழுதி வைக்க. உழவர் வகைகளைப் பதிவு செய்ய 2001-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. விண்ணப்பம் எழுதும் நாளில் அக்குறிப்பேடு வேண்டியிருக்கும்.