ஜெபக்குழுவில் சிரிக்கலாமா?

கேள்வி: வெள்ளிதோறும் எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. கடைசி ஆமென் சொன்னதுமே எல்லோரும் செருப்பைத் தேடுகிறார்கள். இளையவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. கூட்டத்தைக் கலகலப்பாக்க வழி உண்டா, ஐயா?

பதில்: தாராளமாக உண்டு, சகோதரி. நெகேமியா 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வேதவாசிப்பைக் கேட்டு அழுத ஜனங்களிடம், அழுதது போதும், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் குறவஞ்சி என்னும் ஆடல்பாடல் வடிவத்தையே எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்.

முதலில், டீயையும் சுண்டலையும் தொடக்கத்துக்கு மாற்றுங்கள். வாய் திறந்தால் மனமும் திறக்கும். மாதம் ஒருமுறை கீர்த்தனை அந்தாக்ஷரி வையுங்கள். பாட்டிமார்கள் இளையவர்களைத் தோற்கடிப்பார்கள்! சகேயு கதை வரும் வாரம் பிள்ளைகளை நடிக்க விடுங்கள். குழுவிலேயே உயரமானவர் குள்ளச் சகேயுவாகக் குனிந்து வந்தால் போதும், வீடே சிரிக்கும், கதையும் மறக்காது.

மூன்று எச்சரிக்கைகள். யாருடைய நிறம், உடல், வருமானம் பற்றியும் கேலி கூடாது. கூச்சமுள்ளவரை இழுத்து நிறுத்தாதீர்கள். துக்கத்தோடு ஒருவர் வந்திருந்தால், அன்று விளையாட்டை ஒத்திவைத்து அவர் பேசுவதைக் கேளுங்கள்.