பெட்ரோலுக்கும் கெடு உண்டு!



ரவையில் வண்டு விழுந்தால் நமக்குத் தெரியும். கடலை எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் டின்னைத் திறந்ததுமே சொல்லிவிடுவோம். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கி, பழைய சரக்கை முன்னால் தள்ளி விற்பது நாம் பரம்பரையாகக் கற்ற தொழில் பாடம். ஆனால் அதே கடையின் பின்கட்டில், ஜெனரேட்டருக்கென்று கேனில் வாங்கி வைத்த பெட்ரோலும் கெட்டுப்போகும் சரக்குதான் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை. பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல எங்கள் ஊரில் ஆளில்லை. ஆனாலும் ஜெனரேட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். கயிற்றை நான் இழுத்தேன். என் மகன் இழுத்தான். கடைப் பையன் இழுத்தான். கை கொப்பளித்ததே தவிர எஞ்சின் கிளம்பவில்லை. மாலைக்குள் பால் திரிந்தது, தயிர் புளித்தது, ஐஸ்கிரீம் தண்ணீரானது. அந்த நஷ்டத்தைக்கூட கணக்கில் எழுதி ஆற்றிக்கொள்ளலாம். கைக்குழந்தை உள்ள வீட்டார் பாலுக்கு வந்து வெறும் பாத்திரத்தோடு திரும்பியதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

மூன்றாம் நாள் வந்த மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். “முதலாளி, மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. இந்தப் பெட்ரோல் எப்ப வாங்கினது?” என்றார். சித்திரையில் வாங்கியது. ஐப்பசி முடியும் வரை ஒரு நாளும் இயக்கிப் பார்த்ததில்லை. குற்றம் யாருடையது என்று எனக்கே விளங்கியது.

ஏன் கெடுகிறது?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. மசாலாப் பொடியைப் போல நூற்றுக்கணக்கான சரக்குகள் சேர்ந்த கலவை. அவற்றுள் சில மிக இலேசானவை. சாதாரண வெயிலிலேயே ஆவியாகிவிடும். சில கனமானவை, நன்றாகச் சூடேறினால்தான் ஆவியாகும். எஞ்சினுக்குள் பெட்ரோல் திரவமாக இருந்தால் தீப்பொறி பற்றாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பற்றும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பித் தருவது அந்த இலேசான பகுதியே.

பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய பழைய கடைத்தெரு ஜெனரேட்டர்களை மூத்த வணிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மண்ணெண்ணெயிலேயே ஏன் கிளப்பவில்லை? குளிர்ந்த எஞ்சினில் அது போதிய அளவு ஆவியாகாது. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலின் நிலையும் ஏறக்குறைய அதுதான். இலேசான பகுதி பறந்துபோய்க் கனமானது மட்டும் மிஞ்சுகிறது. பார்வைக்குப் பெட்ரோல், குணத்தில் பாதி மண்ணெண்ணெய்.

இரண்டாவது கேடு பிசின். காற்று படப்பட எண்ணெய் சிக்கெடுப்பதைப் போல, பெட்ரோலும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து பசையாக மாறுகிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் கொஞ்சமே என்பதால் அங்கேதான் முதலில் வற்றிப் பசை படியும். குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது அடைத்துக்கொண்டால் எத்தனை முறை உதைத்தும் பயனில்லை.

மூன்றாவது கேடு ஈரம். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022ஆம் ஆண்டில் 10 சதவீதத்தையும், 2025ஆம் ஆண்டில் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்துவிட்டால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்துதானே எஞ்சினுக்கு எரிபொருள் போகிறது! மழைக்காலத்தில் அரை டேங்கோடு நிற்கும் வண்டிகள் மக்கர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாள் தாங்கும்?

முத்திரை பிரியாத கலத்தில், நிழலில் வைத்தால் ஏறத்தாழ ஓராண்டு. திறந்து எடுக்கத் தொடங்கிவிட்டால் 20 டிகிரி வெப்பத்தில் 6 மாதம். 30 டிகிரியில் 3 மாதம். வண்டி அல்லது ஜெனரேட்டர் டேங்கில் ஒரு மாதம். இது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலுக்குக் குறைத்தே கணக்கிடுவது நல்லது.

கிளம்பாவிட்டால் என்ன செய்வது?

1. தொடர்ந்து உதைத்துக் களைத்துப்போக வேண்டாம். டேங்கிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். நிறம் கறுத்து, வார்னிஷ் போன்ற புளித்த வாடை அடித்தாலோ, அடியில் தனி அடுக்குத் தெரிந்தாலோ அது பழைய சரக்கு.

2. டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுவதுமாக வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பல நேரங்களில் இதுவே போதும்.

3. அப்போதும் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

4. கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்டர் வைத்த புது வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. கெட்ட பெட்ரோல் அதன் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். அங்கே செலவும் கூடுதல்.

வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நிறம் மாறாத, சற்றே பழைய பெட்ரோலை வண்டியின் புதுப் பெட்ரோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாம். நிறம் மாறியதை எதிலும் கலக்க வேண்டாம்.

கடையில் வைக்கும் முறை

1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். இறுக மூடிய கலமாக இருக்க வேண்டும். உலோகக் கலமானால் 25 லிட்டருக்கும், கண்ணாடியானால் 1 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. இந்தச் சலுகை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அவசரத்துக்கு உதவுகிறோம் என்று பாட்டிலில் ஊற்றி விற்பது இதில் அடங்காது.

சட்டம் 30 லிட்டர் என்றாலும் நமக்குத் தேவை 5 லிட்டர்தான். தேயிலைத் தூளும் மாவும் பெட்ரோல் வாடையை இழுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஒருமுறை முகம் சுளித்தால் மறுமுறை வரமாட்டார். அதைவிடப் பெரிய ஆபத்து தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சாமி விளக்கு வரை போகும். ஆகவே கேன் சரக்கறைக்கு வெளியே, நிழலில், விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் இருக்கட்டும். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். மழைக்குப் பயந்து ஷட்டருக்குள் ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, உயிரைக் குடிக்கும்.

இருப்புப் புத்தகத்தில் ஒரு வரி

வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதிக் கேனில் ஒட்டுங்கள். மாதம் இருமுறை, கால் மணி நேரம், விளக்கும் பிரீசரும் இணைத்து ஜெனரேட்டரை ஓட்டுங்கள். நிறுத்தும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் குழாயை மூடுங்கள். கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும், பசை படியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேனில் மிஞ்சியதைச் சரக்கு எடுக்கும் வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் இதை ஒருமுறை அவசியம் செய்யுங்கள்.

இதற்குத் தனிச் செலவு ஒரு காசும் இல்லை. மற்ற சரக்குக்குக் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக் காட்டினால் போதும். ஊரே இருளில் கிடக்கும் நாளில் நம் கடை விளக்கு எரிந்தால் அது நமக்கு மட்டும் லாபமல்ல. பாலுக்கும் மருந்துக்கும் அலையும் நம் தெரு மக்களுக்கும் ஆறுதல்.

இன்று கடை கட்டும் முன் அந்தக் கேனை ஒருமுறை திறந்து பாருங்கள்.