காட்டுக் கிழங்கா, தோட்டத்துக் கிழங்கா?

ஓசூர் சந்தையில் மாகாளிக்கிழங்கு வாங்கினேன். இதை நட்டு வளர்க்க முடியுமா? காட்டுக் கிழங்கின் குணம் அதில் வருமா?
– வாசகி, சிப்காட், ஓசூர்

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் வாங்கிய துண்டை நடாதீர்கள். கொடி கிளம்பும் தலைப்பகுதி இல்லாத வேர் பெரும்பாலும் துளிர்க்காது. நாற்றோ விதையோ வாங்குங்கள். விதை சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் புதிதாக இருக்கவேண்டும். பாறை இடுக்கில் பிறந்த கொடி இது. தண்ணீர் தேங்காத சரளைச் செம்மண்ணும், பற்றிப் படர ஒரு மரமும் போதும். உங்கள் ஊர் மண்ணே அதற்குத் தாய்மண். வேர் பருக்கச் சில ஆண்டுகள் ஆகும், பொறுத்திருங்கள்.

குணம் வருமா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. மாகாளியின் மணத்துக்குக் காரணம், வெனிலாவின் மணப்பொருளான வெனிலினுக்கு நெருங்கிய உறவான ஒரு வேதிப்பொருள். அதை உண்டாக்குவது செடிதான், காடு அல்ல. இளம் வேரில் மணம் குறைந்தால் அது வயதின் குறை. தோட்டத்தின் மீது பழி போடவேண்டாம். பசியைத் தூண்டவும் உடல் சூட்டைத் தணிக்கவும் வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள். நன்னாரிக்குப் பதிலாகவும் விற்பார்கள். வாங்கிய கிழங்கை ஊறுகாயாக்க, நடுநரம்பை நீக்கி, நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தோ தயிரில் போட்டோ ஊறவையுங்கள்.

'காட்டில்தான் கிடைக்கிறதே, எதற்கு வளர்க்க?' என்பார்கள். வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். விதை விழ வாய்ப்பில்லை. தென்னிந்தியாவுக்கே உரிய இந்தச் செடி இன்று அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். அங்கே தோண்டுவது குற்றம். தயவுசெய்து இந்த மழைக்கே ஒரு நாற்று நடுங்கள்.