தம் நூலைத் தாமே வெளியிட்டோர்

ஏலம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று மணப்பொருள், மற்றொன்று விலை கூறி விற்றல். உடும்பஞ்சோலை வட்டத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. மலையில் விளைந்த காய் புற்றடிக்கோ போடிநாயக்கனூருக்கோ செல்கிறது. அங்கே கூடியிருப்போர் கூறுவதே விலை. குனிந்து குனிந்து காய் எடுத்த என் அன்னைக்கு அவ்விலையில் ஒரு சொல்லும் இல்லை. நூல் எழுதுபவன் நிலையும் ஏறக்குறைய இதுதான் என்பதைச் சென்ற ஆண்டு நேரில் கண்டேன். அதனாலேயே இக்கட்டுரை.

நான் வேதியியல் மாணவன். இலக்கியம் படைத்தவன் அல்லேன். நான் எழுதியது பதினாறு பக்கச் சிறு நூல். அதற்குக் காரணம் என் தாய்மாமன். தோட்டத்தில் மருந்தடிப்பவர் அவர். ஒருநாள் காலியான மருந்து டப்பா ஒன்றைக் கழுவி, குடிநீர் வைக்கக் கொண்டுவந்தார். அதன் மேல் சாய்சதுரக் குறி. அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு.

“மாமா, இது என்ன நிறமென்று பார்த்தீர்களா?”

“கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டிருப்பான் மாப்ளே.”

அழகுக்கன்று. நம் நாட்டில் விற்கும் பூச்சிமருந்து ஒவ்வொன்றிலும் இக்குறி இருத்தல் வேண்டும் என்பது சட்டம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை அவற்றினும் குறைந்தது. பச்சையும் நஞ்சே. எங்கள் வீட்டுப் பக்கம் நான் கண்ட டப்பாக்களில் ஆங்கிலம் இருந்தது, இந்தி இருந்தது, மலையாளமும் இருந்தது. மருந்தடிப்பவர் படிக்கும் தமிழ் இல்லை. என் மாமன் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். அவர் எழுத்தறியாதவர் அல்லர். அவர் அறிந்த எழுத்து அங்கு இல்லை, அவ்வளவே.

எழுதி முடித்தபின் பதிப்பாளர் ஒருவரை அணுகினேன். அவர் பெயர் இங்கு வேண்டா. முப்பதாயிரம் ரூபாய் நான் கொடுத்தால் நூறு படிகள் எனக்குத் தருவாராம். நூலின் உரிமை அவரிடம் இருக்குமாம். காசும் நம்முடையது, காயும் நம்முடையது, ஏலம் மட்டும் அவருடையது! அன்று விடுதிக்குத் திரும்பி, இத்தகைய நிலையில் முன்னிருந்தோர் என்ன செய்தனர் என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

முதலில் கண்டவர் இரட்டைமலை சீனிவாசன். கோயமுத்தூரில் படித்த காலத்தில், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, பிற மாணவரோடு கூடி விளையாடாமல் ஒதுங்கி நின்று படித்தவர். பின்னர் நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார். இந்தக் கணக்கு வேலையை நாம் எளிதாக விட்டுவிடலாகாது. 1893 அக்டோபரில் சென்னையில் அவர் ‘பறையன்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார். நான்கு பக்கம்; விலை இரண்டு அணா. விளம்பரம், அச்சு எல்லாம் சேர்த்து முதல் செலவு பத்து ரூபாய் என்றும், இரண்டு நாட்களில் ஏறத்தாழ நானூறு படிகள் விற்றன என்றும் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே குறிக்கிறார். பத்து ரூபாய் என்பது 160 அணா. நானூறு படிகளே அச்சாயின என்று கொண்டாலும் ஒரு படிக்கு அரை அணாவும் ஆகவில்லை. மூன்று மாதத்தில் இதழ் வார இதழாயிற்று. இரண்டு ஆண்டில் சொந்த அச்சகம் வந்தது. அறிவியல் மாணவனாகிய எனக்கு இக்கணக்கு எந்தக் காவியத்திலும் குறைந்த இன்பம் தரவில்லை.

அடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். சித்த மருத்துவர். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வார இதழ் ஒன்றை வெளியிட்டார். விலையையே பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றார். மறு ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. கூலியாளின் மடியில் எது இருக்குமோ அதையே விலையாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். 1914இல் அவர் மறைந்தபின், 1926இல் அதே இதழை மீண்டும் எடுத்து நடத்தியவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டு நெடுநாள் காத்ததும் தங்கவயல்தான். அது தமிழ்நாடு அன்று. தமிழ்நாட்டிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்றோர் வாழ்ந்த கன்னட நாட்டு ஊர். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கு அச்சான எழுத்துகள் இன்று நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருளாயுள்ளன. வேற்று மாநில மலையில் வாழும் நமக்கு இச்செய்தி சென்னைச் செய்தியைவிட நெருங்கியது அன்றோ?

கடல் கடந்தும் ஒருவரைக் கண்டேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரான கார்ட்டர் உட்சன் 1875இல் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்னும் எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளியின் தேநீர் இல்லத்தில், கூடியிருப்போர்க்கு நாளிதழை உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது வயது இருபது! 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். தம் மக்களின் வரலாற்றைப் பிறர் அச்சிடுவார் என்று காத்திராமல், 1916இல் ஆய்விதழ் ஒன்றையும், 1921இல் ‘அசோசியேட்டட் பப்ளிஷர்ஸ்’ என்னும் பதிப்பகத்தையும் நிறுவினார். கறுப்பின மாணவர் பெறும் கல்வி அவரைத் தம் மக்களிடமிருந்தே பிரித்துவிடுகிறது என்று வாதிடும் அவரது 1933ஆம் ஆண்டு நூல் அப்பதிப்பகத்தில்தான் வெளிவந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சற்று நாணமாகவே இருந்தது. விடுதிக்கு வந்தபின் தோட்டத்துப் பேச்சை விட்டுவிட நானும் முயன்றவன்தானே.

தேநீர் இல்லம் என்றதும் நம் இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி நினைவுக்கு வருகிறது. அந்தப் பழங்குடி ஊரில், காட்டுக்கு நடுவே, பெரியவர் சின்னத்தம்பி தம் தேநீர்க் கடையிலேயே நூலகம் நடத்தினார். நூற்றறுபது நூல்கள் கொண்டது அது. அந்த வட்டாரத்து மக்கள் படிக்கமாட்டார்கள் என்று பதிப்பாளர் என்னிடம் சொன்னபோது இச்செய்தி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நிற்க. இனி நடைமுறை. சர்வதேசப் புத்தக எண்ணை நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள இராஜா ராம்மோகன் ராய் பெயர் கொண்ட அரசு அமைப்பு கட்டணமின்றியே வழங்குகிறது. அதற்குப் பணம் கேட்பவரை நம்ப வேண்டா. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்கும் அனுப்பப்பெற வேண்டும். முன்பணம் திரட்டுவதும் புதிதன்று, உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததும் அன்பர்களிடம் கையொப்பம் வாங்கித்தான்.

பதினாறு பக்கம் என்பது அச்சுக்கூடத்தார் கணக்கில் ஒரு பாரம். அதனால் என் நூலை ஒரு வரி கூடாமல் பதினாறில் நிறுத்தினேன். ஐந்நூறு படிகளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். படி ஒன்றுக்குப் பதின்மூன்று. விலை இருபது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது நாலாயிரம். மீதியை அன்னை தந்தார். “படிச்ச புள்ள கேக்குற, எனக்கு என்ன தெரியும் ராசா” என்று முடிச்சை அவிழ்த்தபோது என் கை நீளவில்லை. அது அவருக்குப் பல நாள் கூலி.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். ஒரே மையில் அச்சடித்தால் சிவப்பேது, பச்சையேது? நான்கு குறிகளும் கறுப்புக் கோடுகளாய் வந்து நின்றன. நிறத்தைச் சொல்லவந்த நூலில் நிறமில்லை. பல வண்ணத்தில் மீண்டும் அச்சிடப் பணமும் இல்லை. எங்கள் லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேர், வண்ணப் பென்சில்களோடு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து ஏறக்குறைய இரண்டாயிரம் முக்கோணங்களுக்கு நிறம் தீட்டினார்கள். என் மாமன் நடுவே கண்ணாடி போட்டுக்கொண்டு, “டேய், இது நீலம், பச்சை இல்லை” என்று சரிபார்த்தார்.

பூப்பாறையிலும் நெடுங்கண்டத்திலும் சந்தை நாட்களில் நின்று விற்றோம். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் வேலைக்கு வருவோர் நிறைய வாங்கினர். நானூற்று முப்பது படிகள் போய்விட்டன. அன்னையின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதி எழுபது படிகள் என் விடுதி அறையில், கட்டில் அடியில் உள்ளன. அவற்றுள் பன்னிரண்டுக்கு இன்னும் நிறம் தீட்டவில்லை.