உழவாரம் ஏந்திய கை

ஆலயத்திலே நால்வர் திருவுருவங்களைத் தரிசிக்கும்போது அவர்கள் கைகளைச் சற்று உற்றுநோக்குங்கள். சம்பந்தப் பெருமானுக்குப் பொற்றாளம். மாணிக்கவாசக சுவாமிகளுக்கு ஏடு. அப்பர் சுவாமிகளுக்கோ உழவாரம்! புல் செதுக்கும் சாதாரண இரும்புக் கருவி. ஆயிரக்கணக்கில் தேவாரம் பாடியவருக்கு எம் முன்னோர் இதனையே அடையாளமாகக் கொடுத்தனர்.

இளமையில் மருணீக்கியார் என்ற பெயருடன் வாழ்ந்த அவர் தாய் தந்தையரை இழந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரும் போரிலே மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காகவே உயிர் தாங்கினார். நிலையாமையை உணர்ந்த தம்பியார் அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப் பந்தல் வைத்தார், வந்தவர்க்கெல்லாம் பொருளை வாரி வழங்கினார். ஆயினும் மனம் அமைதி பெறவில்லை, சமணம் புகுந்தார். இவ்வளவு தருமம் செய்தவருக்கு ஏன் நிறைவு கிட்டவில்லை என்று அடியேன் பலகாலம் யோசித்ததுண்டு. அந்நாளில் அவர் கொடுத்தது செல்வத்தை. பின்னாளில் கொடுத்தது தம்மையே. அடியேனின் சிற்றறிவுக்கு எட்டிய விடை இவ்வளவுதான். அதே காலத்தில் தமக்கையார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டிருந்தார். சூலைநோயுற்ற தம்பியார் ஈற்றில் வந்து சேர்ந்ததும் அந்தத் துடைப்பம் பிடித்த கையிடம்தான்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்க்கு அமுது படைக்க இறைவன் இருவருக்கும் நாள்தோறும் காசு அருளினான். சம்பந்தர் மடத்தில் அமுது தாமதமாயிற்று. காரணம், அவர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். அப்பர் பெற்ற காசு குறைவின்றி அப்படியே மாறியது. அப்பர் கைத்தொண்டு செய்பவர் என்பதே காரணம் எனச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகின்றார். ஞானப்பாலுண்ட பிள்ளையார் காசுக்கே வட்டம் என்றால் எமது காசு எம்மாத்திரம்?

திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டு அப்பர் வேலையைத் தொடர்ந்தார்.

இது புராண காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். அந்தப் பதவியை விட்டு 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார்; 1924இல் துறவு பூண்டார். துறவி என்று ஒதுங்கினாரா? இல்லை. ஊர் திரும்பிப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் கைபட்டு வளர்ந்ததே. கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை ஆரம்பித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நாட்களிலும், பிறர் போக மறுத்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

எமது கிராமத்துக்கு இது புதிதல்ல. 2004 மார்கழி 26இல் கடல் வந்து போனபின், உப்புநீர் புகுந்த கிணறுகளை இறைத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. யார் வீட்டுக் கிணறு என்றுகூட அன்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றோ வெளிநாட்டிலுள்ள எம் பிள்ளைகளின் உபயத்தால் ஆலயத்தில் குறையொன்றுமில்லை. அவர்கள் நன்றாயிருக்க வேண்டும். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் வீதியைக் கூட்ட வருபவர்கள் அதே நாலைந்து வயோதிபர்கள்தான். அவர்களுக்கும் முழங்கால் நோகிறது.

இம்முறை பூங்காவனத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வடக்கு வீதியிலிருந்து தொடங்குவதாக இருக்கிறோம். மண்வெட்டி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். இல்லாதவர்களுக்கு விளக்குமாறு ஆலயத்தில் உண்டு.