சடசடவா, சரசரவா, சலசலவா?

தங்கச்சி, ஜூன்ல பிம்ப்ரியில மழை இறங்கினதும் எழுதுறவங்க எல்லாரும் 'சோவென்று மழை பெய்தது'ன்னுதான் தொடங்குறோம். அந்த மழை எதுமேல விழுதுன்னு முதல்ல கவனி. பட்டறையோட தகரக் கூரைமேல விழுந்தா சடசட. ரோட்டோரமா தண்ணியா ஓடினா சலசல.

ரெண்டாவது எழுத்தைப் பிடிச்சுக்கோ. சடசடன்னா கெட்டியானது மோதுது, முறியுது. சரசரன்னா உரசல்: காஞ்ச சருகு, பாம்பு, புதுப் பட்டுப்புடவை. சலசலன்னா ஓடுற தண்ணி, காத்துல ஆடுற இலை. கடகட, கரகர, கலகலவையும் இப்படியே வச்சுப் பாரு: வண்டிச் சக்கரம், கட்டின தொண்டை, கண்ணாடி வளையல். எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனா சரியான சொல்லைத் தேடுறப்ப நல்லாக் கைகொடுக்கும்.

இதெல்லாம் இரட்டைக்கிளவி, பிரிஞ்சு நிக்காதுன்னு தொல்காப்பியமே கிளவியாக்கத்துல சொல்லுது. அதனால இடைவெளி, கமா எதுவும் போடாம 'சலசலவென' சேர்த்தே எழுது. 'ஓடு ஓடு' அடுக்குத்தொடர். பிரிச்சாலும் பொருள் தரும், அங்க இடம் விடலாம். 'என்று' அதிகமாயிட்டா வினையாக்கிடு: 'ஜன்னல் படபடத்தது.' பத்திக்கு ஒரு ஒலிச்சொல் போதும். துக்கக் காட்சியில 'தொபுக்கடீர்' வேண்டவே வேண்டாம், வாசகருக்குச் சிரிப்பு வந்துடும்.

இங்க வளர்ற நம்ம பிள்ளைங்க காதுல மராத்தியும் சேர்ந்தே விழுது. நம்ம குருவி கீச்கீச், அவங்க குருவி சிவ்சிவ். நம்ம 'சோ' மழை அவங்களுக்கு 'தோ தோ'. இப்படி ஒலியை இரட்டிச்சுச் சொல்றது திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவான பழக்கம்னு மொழியியல் அறிஞர் எமனோ 1969-ல ஒரு கட்டுரையில காட்டியிருக்கார். அதனால உன் கதையில பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி பேசினா, அவங்க வாயில குருவி சிவ்சிவ்னே கத்தட்டும். திருத்தாதே.

அடுத்து, லோணாவளா லோக்கல் பிம்ப்ரி ஸ்டேஷனுக்குள்ள வர்றதை எழுதிப் பாரு. கை தானா 'தடதட'ன்னு எழுதப் போகும். கொஞ்சம் பொறு. பிளாட்பாரத்துல நிக்கிறவளுக்குக் கேக்குற சத்தம் வேற, பெட்டிக்குள்ள உக்காந்திருக்கிறவளுக்குக் கேக்குறது வேற. யார் காதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் எழுது.