மதலையின் மூச்சொலி

கொல்லிமலைத் திருப்புலி நாட்டிலே ஒரு தாய், பிறந்து சில வாரங்களேயான தன் மகவு மூச்சிழுக்குந்தோறும் கிறீச்சென்னும் ஒலியைக் கேட்கிறாள் என வைத்துக்கொள்வோம். ‘சளி கட்டியிருக்கிறது, தானே போய்விடும்’ என்பாள் பாட்டி. அது தானே போவதா, அன்றி எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கீழ்நாட்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டியதா என்பதே தாயின்முன் நிற்கும் வினா.

ஒலியைச் செவியாற் பகுத்தறிதல் முதற்படி. தமிழில் இழுப்பு, இரைப்பு, குறட்டை எனச் சொற்கள் பலவுள. வழக்கில் அவை மயங்கினும் மருத்துவர் மயங்கலாகாது. மூச்சை உள்ளிழுக்கும்போது எழும் ஒலி, பெரும்பாலும் குரல்வளையிலோ அதற்கு மேலோ உள்ள தடையைக் காட்டும். வெளிவிடும்போது எழுவது, நெஞ்சினுள்ளிருக்கும் குழல்களின் குறையைக் காட்டும். இருபோதும் எழுவது, குரல்நாண்களையோ அவற்றின் கீழுள்ள இடுக்கையோ சுட்டும். அவ்விடுக்கு பச்சிளங் குழவிக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே. சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினும் வழி காற்பங்காகச் சுருங்கிவிடும். பெரியோர்க்கு வெறுந் தொண்டைக்கட்டாய் முடிவது குழவியின் உயிர்க்கே ஏதமாவது இதனாலன்றோ!

ஆயினும் செவி இடத்தை உய்த்துணருமேயன்றிக் காரணத்தைக் காணாது. 1854இல் மானுவேல் கார்சியா என்பார் சிறு கண்ணாடியும் ஞாயிற்றொளியுங் கொண்டு தம் குரல்வளையைத் தாமே கண்டார். அவர் வைத்தியரல்லர், இசையாசிரியர்! குழவியோ கண்ணாடிக்கு வாய்திறந்து இடங்கொடாது. விறைத்த உலோகக் குழலைச் செலுத்தவோ மயக்க மருந்து வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் உறுப்பின் இயல்பான அசைவு மாறுபடும். 1954இல் ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், வளையுங் கண்ணாடியிழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். அதன் வழிவந்ததே வளைகுழல் நோக்கி. 2 அல்லது 3 மில்லிமீட்டர் பருமனுள்ள அதனை, மடியில் விழித்திருக்கும் குழவியின் மூக்கின் வழியே செலுத்தி, மூச்சு நடக்கும்போதே குரல்வளையைக் காண்பர். ஓரிரு நிமிடங்களே செல்லும். குரல்நாண்களுக்குக் கீழே நோக்கவேண்டின் மயக்க மருந்து இன்றியமையாதது.

காணப்படுவது பெரும்பாலும் குரல்வளைத் தளர்ச்சியே. மென்மையான மேற்பகுதி, மூச்சிழுக்கும்போது உள்ளே மடிகிறது. மல்லாந்து கிடக்கையிலும், அழுகையிலும், பாலுண்கையிலும் ஒலி மிகும். பெரும்பாலோர்க்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அது தானே நீங்கும். பாட்டியின் சொல் பலமுறை மெய்யே. ஆனால் குரல்நாண் வாதமும், குரல்நாண்களின் கீழ் வளரும் குருதிக்குழாய்க் கட்டியும் மூச்சொலியோடு வருவனவே. தாடையைச் சுற்றிச் செந்நிறத் தடிப்பு இருப்பின் அக்கட்டியை ஐயுறல் வேண்டும்.

எடை ஏறாமை கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. உதடு நீலித்தல், மூச்சு நின்று நின்று வருதல், விலாவிடை ஆழ உள்வாங்கல், பாலுண்ண இயலாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் அப்பொழுதே மலையிறங்கல் வேண்டும். போராடி மூச்சுவிடும் குழவியின் ஒலி திடீரெனத் தணிவதும் நற்குறியன்று. உட்செல்லும் காற்றே குறைந்துவிட்டமை அதற்குக் காரணமாதல் கூடும்.